நாலாவது குதிரில் ஆளி

ஏழு மாதமாக அந்த வீட்டில் நாய்தான் தபால்காரன். அண்ணன் செனோனுக்குத் தங்கையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சிர்கோவைக் கூப்பிட்டுச் சொல்வான். "சிர்கோ, காப்பியில சர்க்கர பத்தலன்னு சொல்லு." தங்கை அடலினும் லேசுப்பட்டவள் இல்லை. "சிர்கோ, சர்க்கர டப்பா மேசையிலதான் இருக்கு, கைய நீட்டி எடுத்துக்கச் சொல்லு." நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டும். அறுபத்தொரு வயது ஆம்பளையும் நாற்பத்தொன்பது வயதுப் பொம்பளையும் செய்கிற காரியமா இது? கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் எங்கள் வட்டாரம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா.

சண்டை ஆளி விதையால் வந்தது.

அப்பா விட்டுப்போன ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஏக்கர் இருவருக்கும் பாதிப் பாதி. நாற்பது வருடமாக அதில் ஒரு வருடம் கோதுமை, மறு வருடம் தரிசு, மறுபடியும் கோதுமை. செனோனைக் கேட்டால் ஆண்டவன் இந்தப் புல்வெளியைப் படைத்ததே கோதுமைக்காகத்தான் என்பான். மண் அப்படி நினைக்கவில்லை. தரிசு போட்ட வருடங்களில் காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று, வேரழுகல் வந்தது, விளைச்சல் தேய்ந்துகொண்டே வந்தது. புருஷன் செத்தபிறகு அண்ணனோடு வந்து பதினைந்து வருடம் அதே கோதுமையை விதைத்த அடலின், போன ஏப்ரலில் தன் பாதியைத் தனியாகப் பிரித்துக்கொண்டாள். மேட்டில் மசூர் பருப்பு, வடக்கே பட்டாணி, ஓடைக்கரைத் துண்டில் ஆளி என்று மேசைமேல் தாளை விரித்துக் காட்டினாள்.

பருப்புக்கும் பட்டாணிக்கும் செனோன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி. ஆளி என்றதும் எழுந்துவிட்டான்.

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் ஆளி இந்த வாசலுக்குள்ள வரக் கூடாது."

"ஏன்?"

அவன் தாளை மடித்து அவள் பக்கம் தள்ளினான்.

"ஒரே ஒரு காரணம் சொல்லுண்ணே. விட்டுடறேன்."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இவனுக்குக் கோதுமைப் பித்து, பிடித்த முயலுக்கு மூணே கால் என்று அடலின் தன் பாட்டுக்கு விதைத்துவிட்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான் இருவருக்கும்.

மூடிய வாயாலும் செனோன் குத்தாமல் இருக்கவில்லை. ஆகஸ்டில் பருப்பு அறுத்தபோது செடி முழங்காலுக்குக் கூட எட்டவில்லை. அறுவடை இயந்திரத்தின் கத்தியைத் தரையோடு தரையாக ஓட்டியதில் கல் அகப்பட்டு நாலு பல் தெறித்தது. வேலியோரம் நின்றவன், "சிர்கோ, இந்த வருசம் கல்லு மகசூல் அமோகமாம், கேட்டியா" என்றான். ஆளி அறுத்தபோது நார் சக்கரத்தில் சுற்றி இயந்திரம் மூன்று தடவை நின்றது. அப்போது மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலேயே வரவில்லை. ஆளியைக் குதிரில் ஏற்றிய அன்று காலையில் ஊருக்குப் போனவன் இருட்டின பிறகுதான் திரும்பினான்.

வீட்டு முன்னால் ஏழு தகரக் குதிர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் பதினெட்டு அடி உயரம், கூம்புக் கூரை, கூரை விளிம்பில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சதுர வாசல், அதற்கு ஏற வெளியே ஓர் இரும்பு ஏணி. நாலாவது குதிரில் ஆளி.

அக்டோபர் கடைசி வாரம், தரை உறைய ஆரம்பித்திருந்தது. அன்று பதினொரு மணிக்கு ஆளியை ஏற்றிப்போகப் பக்கத்துப் பண்ணைக் குன்னார் லாரி கொண்டுவருவதாகப் பேச்சு. ஒன்பது மணிக்கு அடலின் ஏணியில் ஏறிக் கூரை வாசலைத் திறந்து, தானியம் உள்ளே சூடேறியிருக்கிறதா என்று பார்க்க நீளக் கம்பியை விட்டாள். கோதுமையில் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திக் குத்த வேண்டும். ஆளி தண்ணீராய் வழுக்குகிற விதை, அதில் கம்பி தானே இறங்கிற்று. சூடு இல்லை. நிமிர்ந்தபோது மேல்காற்று அடித்து அவளுடைய சிவப்புக் கம்பளிக் குல்லாயைத் தலையிலிருந்து பிடுங்கி உள்ளே போட்டது. எட்டிப் பார்த்தாள், நடுக்குதிரில் கிடந்தது. அதற்காக உள்ளே இறங்க அவளுக்குப் பைத்தியமா? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, குன்னார் வந்தால் கொக்கி போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டாள். வாசலை மூட நினைவில்லை. காது இரண்டும் குளிரில் எரிந்தன.

பத்து மணி வாக்கில் ஆறாவது குதிருக்குப் பின்னால் சிந்திக் கிடந்த பட்டாணியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வீட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அடலின்."

துடைப்பம் நின்றது. ஏழு மாதத்தில் முதல் தடவை அவன் வாயிலிருந்து அவள் பேர் வருகிறது. நாயைக் கூப்பிடவில்லை, அவளைக் கூப்பிடுகிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே வீம்பும் வந்தது. வா மகனே வழிக்கு. இன்னொரு தடவை கூப்பிடட்டும்.

"அடலின். எங்க இருக்கே?"

குரல் குதிர்களின் பக்கம் வந்திருந்தது. அவள் மூச்சுக் காட்டவில்லை. ஏப்ரலிலிருந்து சர்க்கரைக்கும் உப்புக்கும் நாயிடம் பேசிவிட்டு இப்போது என்ன அவசரமாம்? தேடி வரட்டும், வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

மூன்றாவது தடவை கேட்ட குரல் ஒரு தினுசாக இருந்தது. தகரத்துக்குள்ளிருந்து வருகிறாற்போல முழங்கிற்று, தொண்டை கிழிகிறாற்போல. கோபம் தலைக்கேறிவிட்டது போலிருக்கிறது, ஏறட்டும் என்று அவள் துடைப்பக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்று நினைத்தாள். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பட்டாணியை அள்ளி முடித்து, நாலாவது குதிரின் அடியிலிருந்து தானியத்தை உருவி லாரிக்கு ஏற்றும் திருகுக் குழாயைச் சரிபார்த்து, அதைச் சுற்றுகிற டிராக்டரைக் கிளப்பினாள். குன்னார் வருகிற நேரம்தான். குழாய் அடைக்காமல் ஓடுகிறதா என்று இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்து வைத்தால் நல்லது. குழாயை ஓட விடும் நெம்புகோலில் கையை வைத்தாள்.

சிர்கோ ஏணியடியில் உட்கார்ந்திருந்தது. அந்த நாய் செனோனை விட்டு நாலு அடி தள்ளிப் போகாது. அவன் கழிப்பறைக்குப் போனால் கதவடியில் படுத்துக்கிடக்கும். இப்போது ஏணியடியில் உட்கார்ந்து தலையை அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. பின்னங்கால் மட்டும் நடுங்கிற்று.

அடலின் நெம்புகோலிலிருந்து கையை எடுத்தாள். அவள் கை அன்று இரண்டு அங்குலம் முன்னால் போயிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்திருக்கும். டிராக்டரை அணைத்தாள். ஏணியின் மூன்றாவது படியில் அண்ணனின் கையுறை ஒன்று தொங்கிற்று.

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் தலையை விட்டபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இருட்டு விலகி, பழுப்பாகப் பளபளத்த ஆளியின் நடுவில் அண்ணனின் தலையும் தோளும் இடது கையும் தெரிந்தன. அவ்வளவுதான் மேலே இருந்தது. சுற்றி இரண்டு கையாலும் வாரி வாரிப் பறித்த தடம். ஏறப் பார்த்திருக்கிறான், பாவம், என்று நினைத்தாள்.

செனோன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிபடவில்லை. செத்தவளைப் பார்க்கிறவன் மாதிரி வாய் திறந்தது.

"நீ... வெளியிலயா இருக்கே?"

"பின்ன எங்க இருப்பேன்? அண்ணே, அசையாத. கையக் கால ஆட்டாத. நான் வரேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கிற்று. பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாள்.

கீழே ஓடி டிராக்டரிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தாள். "குன்னார், கேக்குதா? அண்ணன் ஆளிக்குள்ள. நெஞ்சு வரைக்கும் போயிட்டான். வீட்ல இருக்கற வெர்னாவ தீயணைப்புக்குப் போன் பண்ணச் சொல்லு. பலகை, ரம்பம், எது கெடைக்குதோ கொண்டா."

இரண்டு நொடி இரைச்சல். "அக்கா, லாரியிலதான் இருக்கேன். ஏழு நிமிசம்."

தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிஷம் ஆகும். அது இருவருக்கும் தெரியும்.

கயிற்றோடு மறுபடி ஏறி, உள்பக்கச் சுவரில் இருந்த ஏணியில் இறங்கிக் காலைப் பின்னிக்கொண்டு சுருக்கை வீசினாள். இரண்டாவது வீச்சில் அவன் இடது கை அதைப் பிடித்தது. தலைவழியாகவும் இடது கக்கத்தின் கீழாகவும் மாட்டிக்கொண்டான். மறுமுனையை ஏணியில் கட்டினாள். இழுக்கவில்லை. இதற்குமேல் கீழே போகாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான் கயிறு.

"வலது கைய மேல எடுக்க முடியுதா?"

"வேணாம். இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? என்ன கை அது, இரவல் கையா?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

நெஞ்சுவரை தானியத்தில் கிடக்கிறவனின் வீம்பைப் பாருங்கள். அவன் பேச்சு துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு தடவை மூச்சை விடும்போதும் நெஞ்சு சுருங்குகிற இடத்தை ஆளி வந்து நிரப்பிக்கொண்டது. அடுத்த மூச்சுக்கு இடம் முன்னைவிடக் குறைவு. அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

"சின்னச் சின்னதா மூச்சு விடு. பேசாத."

"பேசணும்." கண்ணைத் திறந்தான். "மிக்கோன்னு ஒருத்தன். நீ அப்ப பொறக்கல. எனக்குப் பதினோரு வயசு. அவங்க வீட்டு மரக்குதிர்ல... நாங்க எப்பவும் கோதுமையில குதிப்போம். அன்னிக்கு ஆளி போட்டிருந்தாங்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ முதல்ல குதிடான்னு நான்தான் சொன்னேன்."

"அண்ணே, போதும்."

"குதிச்சான். வெளிய வரல. தண்ணியில போட்ட கல்லு மாதிரி. நான் வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு குமிழி கூட வரல. நான் எறங்கல, அடலின். கால் வரல. ஓடிப் போய் ஆள் கூட்டிட்டு வந்தேன். அதுக்குள்ள..."

ஆளி மேல் புழுதி சுழன்றது. ஐம்பது வருடம் இவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. காரணம் சொல், விட்டுவிடுகிறேன் என்று அவள் கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் பொங்கிற்று, அதைவிடத் தன்மேல். ஓடைக்கரையில் பட்டாணியையே விதைத்திருக்கலாம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இவன் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு இன்னிக்கு எதுக்குய்யா உள்ள எறங்கினே?"

செனோன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஒன்னத் தேடி ஒண்ணும் நான் எறங்கல."

கீழே லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

குன்னார் கூரை வாசலில் தலையை விட்டுப் பார்த்தான். நாற்பது வயது, நல்ல உடம்புக்காரன், எதையும் பலத்தால் தீர்க்கலாம் என்று நம்புகிறவன். "கயித்த டிராக்டர்ல கட்டி இழுத்துடலாம் அக்கா. ஒரே இழுப்பு."

"இழுத்தா பாதி ஆள்தான் வரும். வேணாம்."

"அப்ப அடியில தகரத்த வெட்டிடறேன். ஆளி ஓடிடும்."

"ஆளி ஓடும். அவனையும் இழுத்துக்கிட்டு ஓடும். குன்னார், நான் சொல்றத மட்டும் செய்."

போன குளிர்காலத்தில் புதுப் பயிர்களைப் பற்றி ஊர் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. விதை, உரம், உழவு எல்லாம் பேசி முடித்தபின் தீயணைப்புக்காரர் ஒருவர் எழுந்து, கோதுமைக்காரர்கள் ஆளியையும் கடுகையும் போட ஆரம்பித்தால் குதிரில் என்ன நடக்கும் என்று அரைமணி நேரம் சொன்னார். பாதிப் பேர் அதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அடலின் காப்பி ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அன்று கேட்டது ஒவ்வொன்றாக இப்போது நினைவுக்கு வந்தது. ஆளைச் சுற்றி நாலு பக்கமும் பலகையை இறக்கிப் பெட்டி மாதிரி கட்டு. உள்ளே இருக்கிற தானியத்தை மட்டும் அள்ளு. இடுப்புத் தெரிகிறவரை இழுக்காதே.

குன்னாரின் லாரியில் கிடந்த ஒட்டுப்பலகை கூரை வாசலில் நுழையவில்லை. ஓர் அங்குலம் அதிகம். அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு கீழே போனான். ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது. அடலின் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு பலகை அறுக்க இவ்வளவு நேரமா? அவளுக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள், அம்மா சொல்லித்தந்த பழைய ஜெபத்தில் பாதி மறந்துபோயிருந்தது, தெரிந்த பாதியையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

குன்னாரின் பெண்சாதி வெர்னாவும் தன் காரில் வந்து சேர்ந்தாள். வாசலில் குனிந்து நீளப் பலகைகள் இரண்டை உள்ளே தள்ளினாள். அடலின் அவற்றை ஆளியின் மேல் பரப்பி, அதன்மேல் வயிற்றால் படுத்து ஊர்ந்து போனாள். எதிர்ப்பக்கம் குன்னார் ஊர்ந்து வந்தான். முதல் பலகையை அண்ணனின் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக வைத்து ஆட்டி ஆட்டி இறக்கினார்கள். இரண்டாவது இடது பக்கம்.

"என்னண்ணே, இந்தப் பெட்டி உன் தொப்பைக்குப் பத்தும்னு நெனக்கிற?" என்றான் குன்னார். சிரிக்க வைக்கப் பார்க்கிறான் என்று மூவருக்கும் தெரிந்தது.

"உன் பொண்டாட்டி... சமையல்... தின்னிருந்தா பத்தியிருக்கும்" என்றான் செனோன்.

மூன்றாவது பலகையைக் குன்னார் சுத்தியலால் தட்டியபோதுதான் அது நடந்தது. சுவரோரம் உயரமாகக் கிடந்த ஆளி, தட்டிய அதிர்ச்சியில் சரிந்து வந்தது. சத்தமே இல்லை, மழைத்தூறல் மாதிரி ஒரு சரசரப்பு. கழுத்து மறைந்தது. தாடி மறைந்தது. செனோன் தலையை அண்ணாந்தான், வாயோரம் விதை உருண்டது.

அடலின் பலகையிலிருந்து பாதி உடம்பைச் சரித்து இரண்டு கையையும் அவன் முகத்தைச் சுற்றி வளைத்து அணை கட்டினாள். முழங்கை ஆளியில் புதைந்தது. அவள் முகவாய் அவன் நெற்றியில் இடித்தது. வாயோரம் இருந்ததை ஊதித் தள்ளினாள்.

"மூக்கால விடு. என்னையப் பாரு. மூக்கால. குன்னார், நாலாவது பலக."

"அக்கா, உங்க பலக சாயுது. நீங்களும் போயிடுவீங்க."

"போனா போறேன். அடிடா."

குன்னார் அடிக்கவில்லை, நாலாவது பலகையை உடம்புப் பாரத்தால் அழுத்தி இறக்கினான். நாலு மூலையிலும் இடுக்கு. இடுக்கு வழியே ஆளி உள்ளே கசிந்தது. வெளியே போகிறதைவிட உள்ளே வருகிறது அதிகமானால் பெட்டியால் என்ன பயன்? "கந்தல்" என்று அடலின் கத்தினாள். அது மட்டும் அன்று தயாராக இருந்தது. ஆளி ஏற்றுகிறவன் லாரிப் பெட்டியில் ஊசி நுழைகிற சந்து இருந்தாலும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி விதை ரோட்டில் போய்விடும். குன்னார் லாரியில் அதற்காகவே ஒரு மூட்டைக் கந்தல் வைத்திருந்தான். வெர்னா அதை வாசல் வழியாக அள்ளி எறிந்தாள். பழைய சட்டை, போர்வைக் கிழிசல், பிள்ளைகளின் பைஜாமா. ஒவ்வொன்றாக மூலையில் திணித்தார்கள். கசிவு நின்றது.

பிறகு வாளி. ஐஸ்கிரீம் வாங்கின நாலு லிட்டர் பிளாஸ்டிக் வாளி, எங்கள் பக்கம் எந்த வீட்டில் இல்லை? அடலின் அவன் தாடிக்குக் கீழே வாளியைச் செருகி அள்ளிப் பெட்டிக்கு வெளியே தூரக் கொட்டினாள். குன்னாரும் அள்ளினான். பத்து வாளியில் கழுத்து தெரிந்தது. இருபதில் தோள். ஒவ்வொரு அடி இறங்கவும் பலகைகளை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினார்கள். முப்பதோ நாற்பதோ, செனோன் முதல் தடவையாக ஒரு முழு மூச்சை இழுத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு வாசலில் இருந்த வெர்னா அழ ஆரம்பித்தாள்.

"அழுவறத அப்புறம் வெச்சுக்க. காப்பி இருக்கா?" என்றான் செனோன்.

நெஞ்சு தெரிந்தது, விலா தெரிந்தது. வலது கை இன்னும் கீழேயே இருந்தது. குன்னார் அந்தப் பக்கம் அள்ளினான். முழங்கை வந்தது, மணிக்கட்டு வந்தது. கடைசியில் விரல்கள். விரல்கள் மூடியிருந்தன. மூடிய விரல்களுக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னத்தண்ணே இவ்வளவு நேரமா பிடிச்சிட்டிருக்கே?" என்று குன்னார் விரலைப் பிரித்தான். பிரிக்க வரவில்லை, விறைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

அடலினுடைய கம்பளிக் குல்லாய்.

வாளி அவள் கையிலிருந்து நழுவிற்று. அவள் அதை எடுக்கவில்லை. அவளைத் தேடி வந்தவன், கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறான். திறந்த கூரை வாசலைப் பார்த்து ஏறியிருக்கிறான். உள்ளே, ஆளியின் நடுவில், அவள் தலைக் குல்லாய் மட்டும் மிதந்திருக்கிறது. அங்கிருந்துதான் மூன்றாவது தடவை கூப்பிட்டிருக்கிறான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் வராத கால் இன்று வந்திருக்கிறது. சுற்றிப் பறித்த தடமெல்லாம் ஏறப் பார்த்தது இல்லை, அவளைத் தோண்டிப் பார்த்தது. ஒன்னத் தேடி ஒண்ணும் நான் எறங்கல என்றானே, அவள் அதைக் கேட்கவே இல்லையே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதைதான். அப்போதே உறைத்திருக்க வேண்டாமா அவளுக்கு?

இவ்வளவுக்கும் அவள் அறுபது அடி தள்ளித் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அக்கா, அள்ளுங்க. இன்னும் கொஞ்சம்தான்" என்றான் குன்னார்.

அவள் அள்ளினாள்.

இடுப்பு தெரிந்ததும் இருவரும் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. பலகையில் படுக்கவைத்து இழுத்து, ஏணியில் கயிறு கட்டி ஏற்றி, கூரை வாசல் வழியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் தீயணைப்பு வண்டி ரோட்டிலிருந்து திரும்பிற்று. அவர்கள் வந்து நாடி பார்த்து, முகத்தில் ஆக்சிஜன் மூடி வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். வண்டியில் ஏற்றுமுன் ஐந்து நிமிஷம் லாரியின் படிக்கட்டில் சாய்ந்து உட்காரவிட்டார்கள். வெர்னா போர்வை போர்த்தினாள். சிர்கோ அவன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அவன் கால் சட்டையிலிருந்தும் காதிலிருந்தும் தாடியிலிருந்தும் ஆளி உதிர்ந்துகொண்டே இருந்தது.

அடலின் அவன் முன்னால் தரையில் மண்டியிட்டாள். குல்லாய் அவள் கையில் இருந்தது.

"அண்ணே, நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

அவன் அவளைப் பார்த்தான்.

"மூணு தடவையும் கேட்டுச்சு. பட்டாணிக் குதிருக்குப் பின்னாலதான் இருந்தேன். வேணும்னே பேசாம இருந்தேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஓர் அறை விட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் நாயின் முதுகில் ஒட்டியிருந்த ஆளியைத் தட்டிவிட்டான்.

"குன்னார் லாரி கொண்டார கால் மணி லேட்டாவும்னு போன் பண்ணினான்" என்றான். "அதச் சொல்லத்தான் வந்தேன்."

"வாயத் தொறந்து நாய்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"நாய் காதுல விழும். உன் காதுல விழணும்னுதான் உன் பேரச் சொன்னேன்."

தீயணைப்புக்காரர் நேரமாகிறது என்று வந்து நின்றார். செனோன் எழுந்திருக்கப் பார்த்தான், கால் தாங்கவில்லை, மறுபடி உட்கார்ந்தான். பிறகு குனிந்து நாயின் காதைப் பிடித்தான்.

"சிர்கோ, அந்தக் குல்லாயப் போட்டுக்கச் சொல்லு. காது செவந்து கெடக்கு."

அடலின் குல்லாயைத் தலையில் போட்டுக்கொண்டாள். உள்ளே இருந்த ஆளியெல்லாம் முடிக்குள்ளும் கழுத்திலும் சட்டைக்குள்ளும் சில்லென்று ஓடிற்று. அவள் அதைக் கழற்றவில்லை. அண்ணனோடு வண்டியில் ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே உட்கார்ந்து போனாள்.